மருந்து இல்லாத ஒரு தோட்டா

கண்ணு,

நீ ஆபீஸுக்குக் கிளம்பிப் போனதும் உன் மேசையிலிருந்த மஞ்சள் நோட்டை எடுத்துக்கொண்டு சமையலறையில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். அடுத்த மாதம் இந்நேரம் உனக்குக் கல்யாணம் முடிந்து, ஃப்ரீமான்ட்டில் காவ்யாவோடு குடித்தனம் வைத்திருப்பாய். இர்விங்கில் இந்த வீட்டைக் காலி செய்துவிட்டு நான் மறுபடியும் நியூஜெர்சிக்கே, பிளெய்ன்ஸ்பரோவில் பழைய சிநேகிதிகள் இருக்கிற அபார்ட்மென்ட்டுக்கே போய்விடுவேன். அதற்கு முன்னால் உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நேரில் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை வாயெடுத்தேன். மூன்று தடவையும் "சாப்பாடு எடுத்து வெக்கட்டுமா?" என்றுதான் வந்தது. ஆங்கிலத்தில் எழுதினால் நீ வேகமாகப் படித்துவிடுவாய், தெரியும். ஆனால் நியூஜெர்சியில் மருந்துக் கம்பெனி லேபில் இருபத்தாறு வருஷம் அறிக்கை எழுதிய கை இது. யார் தவறு செய்தார்கள் என்பதே தெரியாமல், தவறு தானாக நடந்துவிட்டது போல ஆங்கிலத்தில் எழுத எனக்கு மிக நன்றாக வரும். தமிழில் அந்த வித்தை எனக்குத் தெரியாது. நீ கோபியில் ஐந்தாம் வகுப்பு வரை தமிழ் படித்தவன். எழுத்துக்கூட்டியாவது படித்துவிடுவாய்.

போன சனிக்கிழமை உங்கள் துப்பாக்கி சுடும் ரேஞ்சில், தோட்டாவைச் சொந்தமாகத் தயாரிக்கக் கற்றுக்கொள்ள வந்தவர்களுக்கு நீ வகுப்பு எடுத்தாய். நானும் கூட வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எட்டுப் பேர். கணவன் மனைவி இருவர், ஒரு பல் டாக்டர், மாடு வளர்க்கிறவர் ஒருவர். எல்லோரும் உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ போன வருஷப் போட்டியில் நடந்ததைச் சொன்னாய். "ஒரு தோட்டாவில் மருந்து போடாமலே மூடிவிட்டேன். சரிபார்க்க வேண்டிய நேரத்தில் சரிபார்க்கவில்லை. தவறு முழுக்க என்னுடையது" என்றாய். அந்தப் பல் டாக்டர் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். உனக்கு மேலே சுவரில் இருந்த கடிகாரத்தையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ சொன்னதில் ஒரு வரிகூட உண்மை இல்லை. அது உண்மை இல்லை என்பதில் ஒரு பாதி உனக்குத் தெரியும். மறுபாதி எனக்கு மட்டும்தான் தெரியும்.

முதலிலிருந்து சொல்கிறேன். அப்பா போன பிறகு, வேலையையும் விட்டுவிட்டு நான் உன்னோடு இருக்க வந்த முதல் வாரம் உனக்கு நினைவிருக்கும். துணி மடித்து வைக்கலாம் என்று உன் அறை அலமாரியைத் திறக்கப் போனால் அங்கே ஆளுயர இரும்புப் பெட்டி, எண் பூட்டோடு. உள்ளே என்ன என்று கேட்டேன். "ரைஃபிள்மா" என்று நீ சாதாரணமாகச் சொன்னாய். "ஏன் சாமி, யாரச் சுடப் போற?" என்று கத்தினேன். நீ சிரிக்காமல், "பேப்பரைத்தாம்மா" என்றாய். அந்தப் பதிலில் எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஆனாலும் பதினைந்து நாள் உன்னோடு சரியாகப் பேசவில்லை. நம் நிறத்துக்கும் நம் பெயருக்கும் இந்த ஊரில் துப்பாக்கியோடு ஒருவன் காரில் போனால் போலீஸ் என்ன நினைக்கும் என்று ஒரு நாள் கேட்டேன். நீ கோபப்படவில்லை. "நானும் அதை யோசிச்சேன்மா. அதனாலதான் ஒவ்வொரு ரூலையும் மத்தவங்களைவிட ரெண்டு மடங்கு ஃபாலோ பண்றேன்" என்றாய். அன்றைக்கு நான் வாதாடுவதை நிறுத்தினேன். சம்மதம் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. நீ இதில் அப்படி எதைப் பார்க்கிறாய் என்று தெரிந்துகொள்ளத் தோன்றிவிட்டது, அவ்வளவுதான்.

என்னை உள்ளே இழுத்தது துப்பாக்கி இல்லை, தராசு. கராஜை ஒட்டிய சின்ன அறையில் நீ மேசை போட்டுத் தோட்டா செய்துகொண்டிருந்தாய். சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைக் கழுவி, பிரஸ்ஸில் வைத்து அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, அடியில் பொறி கிளப்புகிற பிரைமர் பொருத்தி, உள்ளே மருந்து நிறுத்துப் போட்டு, மேலே புல்லட்டை வைத்து மூடுகிறாய். நான் காபி கொண்டுவந்தவள் அப்படியே வாசலில் நின்றுவிட்டேன். வெடிக்கிற தூளை நம் ஊரில் மருந்து என்றுதானே சொல்கிறோம்! வாழ்நாள் முழுக்க மருந்து நிறுத்தவள் நான். நீ தராசைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாய். ஒரே சிட்டிகை ஒரு தடவை ஒரு எடை காட்டுகிறது, அடுத்த தடவை வேறு காட்டுகிறது. "ஸ்கேல் போயிடுச்சுபோல, புதுசு ஆர்டர் பண்ணணும்" என்றாய். நான் அண்ணாந்து பார்த்தேன். நேர் மேலே ஏசி காற்று வருகிற துவாரம். "ஸ்கேலுக்கு ஒண்ணுமில்ல கண்ணு. அது தலைமேல காத்து அடிக்குது பாரு" என்றேன். மேசையை மூன்றடி தள்ளிப் போட்டோம். தராசு சொன்ன பேச்சைக் கேட்டது. நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, உன் பட்டமளிப்பு விழாவில்கூட நீ அப்படிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்குக் கேள்வி ஓயவில்லை. நீங்கள் ஏன் கிராமில் நிறுக்காமல் கிரெய்னில் நிறுக்கிறீர்கள் என்று கேட்டேன். உனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது, அது மருந்துக் கடைகளின் பழைய எடை. பழைய ஆஸ்பிரின் சீசாவிலும் அதே கிரெய்ன்தான் போட்டிருக்கும். தலைவலி மாத்திரையும் தோட்டாவும் ஒரே படிக்கல்லில் நின்றதை நினைத்து ஒரு நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன். பிறகு நானே உன்னோடு ரேஞ்சுக்கு வர ஆரம்பித்தேன். ஒன்றரை மணி நேரம் ஃப்ரீவேயில் போய், மாட்டுக் கொட்டில்களைத் தாண்டி, அந்தப் பொட்டல் வெளி. காதுக்கு மேல் சத்தம் தடுக்கிற மஃப் போட்டுக்கொண்டு, மூன்று காலில் நிற்கிற தொலைநோக்கி வழியாக இருநூறு கஜத்துக்கு அப்பால் இருக்கிற காகிதத்தைப் பார்ப்பேன். வெயில் நேரத்தில் காற்று நீர் மாதிரி ஓடுவது அதில் தெரியும். அது எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் புல்லட் கொஞ்சம் சாய்ந்து போகும் என்று நீ சொன்னாய். காற்றைக் கண்ணால் பார்க்க முடியும் என்பதை அறுபது வயதில்தான் தெரிந்துகொண்டேன். ரேஞ்சைப் பார்த்துக்கொள்கிற டெப்ரா, அந்த வெள்ளை முடிக்காரி, பள்ளிக்கூட பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவள், சின்ன ரைஃபிள் ஒன்றைக் கொடுத்து என்னையும் படுத்துச் சுட வைத்தாள். மூச்சை விட்டு, அடுத்த மூச்சு எடுப்பதற்கு முன்னால் இருக்கிற அந்த நொடியில் விசையை அழுத்தச் சொன்னாள். அப்படி ஒரு நொடி என் உடம்பில் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது.

உன் விதிகள் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தன. மேசைமேல் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும். பாட்டு, டிவி கூடாது. ஐம்பது குழி உள்ள தட்டில் ஐம்பது கூடுகளையும் நிறுத்தி மருந்து போட்ட பிறகு, ஒரு சின்ன டார்ச்சை அடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் மருந்து ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் புல்லட்டை வைத்து மூட வேண்டும். நடுவில் யாராவது கூப்பிட்டால், போட்டதையெல்லாம் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எங்கள் லேபிலும் இப்படித்தான். ஆறு மாதத்தில் நிறுத்துப் போடுகிற வேலையை நீ என்னிடமே கொடுத்துவிட்டாய். டார்ச் அடித்துப் பார்ப்பது மட்டும் உன் வேலையாக இருந்தது. அதில் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் வருத்தம். இத்தனை வருஷம் நிறுத்தவளை இவன் இன்னொரு தடவை சரிபார்க்கிறானே என்று.

போட்டிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அந்தப் போட்டியில் நன்றாகச் சுட்டால் மாநிலப் போட்டிக்குப் போகிற கிளப் டீமில் உனக்கு இடம். இரண்டு வருஷமாக நீ காத்திருந்த இடம். நான் மூன்று வரிசை போட்டு முடித்தபோது உன் ஆபீஸிலிருந்து போன் வந்தது, ஏதோ சர்வர் படுத்துவிட்டது என்று. "அம்மா, நீங்க அப்படியே வெச்சிடுங்க, நான் வந்து பார்க்கறேன்" என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினாய். நான் வைக்கவில்லை. நான்காவது வரிசையை ஆரம்பித்தேன். அப்போது என் போன் அடித்தது. கோபியிலிருந்து உன் சித்தி. "அக்கா, ஒரு நல்ல பொண்ணு ஜாதகம் வந்திருக்குது. ஃப்ரீமான்ட்ல வேலையாமா. போட்டோ அனுப்பியிருக்கறேன், பாருங்க" என்றாள். காவ்யாவைப் பற்றி இந்த வீட்டுக்கு வந்த முதல் செய்தி அதுதான். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையில் புனலை வைத்துக்கொண்டு, பேசிக்கொண்டே நிறுத்தேன், பேசிக்கொண்டே போட்டேன். போட்டோவைப் பார்க்க ஒரு நிமிஷம் திரும்பினேன். மறுபடி தட்டுக்கு வந்தபோது எந்தக் குழியில் விட்டேன் என்று யோசித்ததாகக்கூட நினைவில்லை. கை தானாகப் போய் ஒரு குழியில் ஆரம்பித்தது.

ஐம்பதும் முடிந்தது. நீ இன்னும் மாடியில்தான் பேசிக்கொண்டிருந்தாய். நீ வருவதற்குள் எல்லாம் முடித்து வைத்து உன்னை அசத்த வேண்டும் என்று ஒரு சின்னப் பிள்ளை ஆசை எனக்கு. புல்லட்டுகளையும் வைத்து மூடிவிட்டேன். டார்ச் மேசை ஓரத்தில் இருந்தது. அதைத் தொடவே இல்லை. நீ இறங்கி வந்து பெட்டியில் அடுக்கி வைத்திருந்த ஐம்பதையும் பார்த்து ஒரு கணம் நின்றாய்.

"மூடிட்டீங்களா? டார்ச் அடிச்சுப் பாத்தீங்களாம்மா?"

"பாத்தேன்" என்றேன்.

"எல்லாமே?"

"ஆமா சாமி, எல்லாமே."

அவ்வளவுதான். நீ என் தோளைத் தட்டிவிட்டுப் பெட்டியை எடுத்து உள்ளே வைத்தாய். மூடிய தோட்டாவுக்குள் மருந்து இருக்கிறதா இல்லையா என்று வெளியிலிருந்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. என் வார்த்தை ஒன்றுதான் உனக்குச் சாட்சி.

போட்டியன்று நடந்ததை நீ உன் பக்கத்திலிருந்து பார்த்தாய். நான் உன் முதுகுக்குப் பின்னால் இருபதடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். மெதுவாகச் சுடுகிற சுற்று முடிந்து உன் பெயர் இரண்டாவதாக இருந்தது. அடுத்தது வேகச் சுற்று. குறித்த நேரத்துக்குள் பத்து. எல்லோருக்கும் கை எந்திரம் மாதிரி ஓடும். சுடு, அடுத்த தோட்டா உள்ளே ஏற போல்ட்டை இழு, தள்ளு, சுடு. யோசிக்க யாருக்கும் நேரம் இருக்காது. நீ ஒன்று சுட்டாய், இரண்டு சுட்டாய், மூன்றாவதற்கு நனைந்த பட்டாசு மாதிரி ஒரு சத்தம் வந்தது. சுற்றிலும் பத்துப் பேர் சுட்டுக்கொண்டிருந்த இரைச்சலில் எனக்கே அது சரியாகக் கேட்கவில்லை. உன் தோளில் உதை விழாததை மட்டும் பார்த்தேன். உன் கை பழக்கத்தில் போல்ட்டுக்குப் போயிற்று. பாதியில் நின்றது. பிறகு நீ கையை மேலே தூக்கினாய். டெப்ரா உன் பக்கத்தில் வந்து மண்டியிட்டாள். போல்ட்டைக் கழற்றிவிட்டுக் குழல் வழியாக ஆகாயத்தைப் பார்த்தீர்கள். வெளிச்சம் தெரிய வேண்டிய இடத்தில் இருட்டு. மருந்தே இல்லாமல் பிரைமர் மட்டும் வெடித்து, புல்லட்டைக் குழலுக்குள் தள்ளிவிட்டு நின்றுவிட்டது. டெப்ரா ஒரு பித்தளைக் கம்பியை முன்பக்கமாக விட்டுத் தட்டினாள். அந்த புல்லட் அவள் உள்ளங்கையில் வந்து விழுந்தது. "அடுத்ததைச் சுட்டிருந்தால் இந்தக் குழல் இவன் முகத்துக்குப் பக்கத்தில் வெடித்திருக்கும்" என்று அவள் பக்கத்திலிருந்த ஆளிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. மஃப்பை அப்போதுதான் கழற்றியிருந்தேன்.

உன் டீம் இடம் போயிற்று. நீயோ என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பயந்துட்டீங்களாம்மா? ஒண்ணும் ஆகலையே. ஐ'ம் ஃபைன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாய். வழியில் காரை நிறுத்தி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாய். நானும் வாங்கிக் குடித்தேன். வீட்டுக்கு வந்ததும் மிச்சமிருந்த தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மருந்தையும் நிறுத்துப் பார்த்தாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எல்லாம் சரியாக இருந்தன. நான் நிறுத்ததில் ஒரு தூசுகூடப் பிசகவில்லை. விட்டது ஒன்றே ஒன்றுதான். உன் நோட்டில் அந்தத் தேதிக்குக் கீழே 'என் தவறு, நானே பார்த்திருக்க வேண்டும்' என்று ஆங்கிலத்தில் எழுதினாய். எழுதும்போது உன் பேனாவைத் தட்டிப் பறித்திருக்க வேண்டும். பறிக்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம் நீ செய்ததுதான் என்னை இன்றைக்கு வரை தின்கிறது. "அம்மா, ரொம்ப நாளாச்சு, ஒரு ஐ செக்கப் போயிட்டு வரலாமா?" என்றாய். எனக்கு உடனே புரிந்துவிட்டது. அம்மா டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறாள், ஆனால் கண் தெரியாமல் ஒன்றைத் தவறவிட்டுவிட்டாள் என்று நீ முடிவு செய்திருந்தாய். நான் பொய் சொல்லியிருப்பேன் என்பது உன் மனசில் ஓரமாகக்கூட வரவில்லை. நான் மறுக்காமல் வந்தேன். கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு, எழுத்துகளைப் படிக்கச் சொல்லி, லேசாகப் புரை ஆரம்பித்திருக்கிறது, இப்போதைக்குக் கவலை இல்லை என்றார். நீ தலையை ஆட்டிக்கொண்டாய், காரணம் கிடைத்துவிட்டது என்பது மாதிரி. எனக்கும் ஒரு மறைவிடம் கிடைத்தது. புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது, "இப்ப கிளியரா தெரியுதாம்மா?" என்று கேட்டாய். "நல்லாத் தெரியுது" என்றேன். அதற்குப் பிறகு நீ என்னை மருந்து நிறுக்கவிடவில்லை. "நீங்க பிராஸ் மட்டும் கழுவிக் குடுங்கம்மா, அதுவே பெரிய ஹெல்ப்" என்றாய். என் கண்ணைப் பற்றி டெப்ராவிடம்கூட நீ சொல்லவில்லை. எட்டுப் பேர் முன்னால் நின்று என் குறை என்று நீ நம்புவதை உன் குறையாகச் சொல்கிறாய்.

உனக்குத் தெரியாத இன்னொருத்தியைப் பற்றியும் எழுத வேண்டும். எங்கள் லேபில் ஷாலினி என்று ஒரு பெண் இருந்தாள். அப்போது உனக்குப் பதினைந்து வயது இருக்கும். மதுரைப் பக்கம், வேலை விசாவில் வந்தவள், கெட்டிக்காரி. தினமும் காலையில் தராசைப் படிக்கல் வைத்துச் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நாள் அந்தப் படிக்கல் பெட்டி என் மேசையில் பூட்டிக் கிடந்தது. ஆனால் அவள் பதிவேட்டில் சோதித்ததாகக் கையெழுத்து இருந்தது. கூப்பிட்டுக் கேட்டேன். "பாத்தேன் மேடம்" என்றாள். பூட்டிய பெட்டியை அவள் முன்னால் வைத்தேன். அழுதாள். நான் அன்றைக்கே மேலிடத்துக்கு எழுதினேன். அவள் வேலை போயிற்று, அதோடு இந்த நாட்டில் இருக்கிற வழியும் போயிற்று. எழுதியதை இன்றைக்கும் தவறு என்று சொல்லமாட்டேன், அந்த மாத்திரையை யாரோ விழுங்கப்போகிறார்கள். ஆனால் அவள் அழுதபோது, இப்படி ஒரு பொய்யை ஒரு மனுஷி எப்படித்தான் சொல்கிறாள் என்று எனக்கு அருவருப்பாக இருந்தது. அது எப்படி என்பதை உன் மேசைக்குப் பக்கத்தில் நின்றுதான் தெரிந்துகொண்டேன். மூச்சு விடுகிற மாதிரி வருகிறது. அவளைத் தேடிப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். இன்னும் தைரியம் வரவில்லை.

இந்த ஒரு வருஷமாக அந்த ஒற்றைச் சொல்லை எடுத்து வைத்துக்கொண்டு, லேபில் கெட்டுப்போன சாம்பிளை ஆராய்கிற மாதிரி ஆராய்ந்துகொண்டிருக்கிறேன். எதற்காகச் சொன்னேன்? உன்னிடம் எனக்குப் பயம் இல்லை. இல்லை என்று சொல்லியிருந்தால் நீ திட்டியிருக்கவும் மாட்டாய். "சரிம்மா, பிரிச்சிடலாம்" என்று உட்கார்ந்திருப்பாய், ஒரு மணி நேர வேலை. களைப்பா என்றால் அதுவும் இல்லை. கடைசியில் எனக்குக் கிடைத்த பதில் இதுதான், இதுவும் முழுசாகச் சரியா என்று தெரியவில்லை. அப்பா போய், வேலையும் போய், வேறு ஊருக்கு வந்து, உன் வீட்டில் சமைத்துப் போடுகிறவளாக மட்டும் இருந்த எனக்கு, அந்தச் சின்ன அறையில்தான் மறுபடி ஒரு மரியாதை கிடைத்தது. நீ 'பாத்தீங்களா' என்று கேட்டபோது என் காதில் 'உங்களை நம்பலாமா' என்று விழுந்தது. அதற்கு ஆமாம் என்று சொன்னேன். நீ கேட்டதோ டார்ச்சைப் பற்றி. நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல், நீ கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டேன்.

கல்யாணத்துக்குப் பிறகு காவ்யாவும் உன்னிடம் இப்படித்தான் நூறு கேட்பாள். கேஸை அணைத்தாயா, டாக்டருக்குப் போன் பண்ணினாயா, அந்த ஃபார்மை அனுப்பினாயா என்று. பாதிக் கேள்விகளில் உன்னைச் சந்தேகப்படுகிறாள் என்று உனக்குத் தோன்றும். அவள் கேட்பது கேஸைப் பற்றி மட்டும்தான் என்று எடுத்துக்கொள். இல்லை என்றால் இல்லை என்று சொல். சின்ன விஷயத்தில் 'இல்லை, மறந்துவிட்டேன்' என்று சொல்லிப் பழகினவனுக்குத்தான் பெரிய விஷயத்தில் அந்தச் சொல் வாயில் வரும். நான் பழகவில்லை. உன் அப்பாவிடமும் நான் எதையும் மறந்ததாக ஒப்புக்கொண்டதே கிடையாது. வீட்டுச் சாவியைத் தொலைத்த அன்றுகூட, பூட்டு கெட்டுப்போய்விட்டது என்று சொல்லிப் பூட்டையே மாற்ற வைத்தேன். மனுஷர் ஸ்க்ரூ டிரைவரோடு வியர்த்து விறுவிறுத்து மாற்றினார், பாவம்.

நேற்று மத்தியானம் ஊபர் பிடித்து நான் தனியாக ரேஞ்சுக்குப் போய்விட்டு வந்தேன். உனக்குச் சொல்லவில்லை. டெப்ரா ஷெட்டில் உட்கார்ந்து இலக்குக் காகிதங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். போன், போட்டோ, தொடாத டார்ச், கண் டாக்டர் எல்லாம். அவள் எண்ணுவதை நிறுத்திவிட்டு முழுக்கக் கேட்டாள். "அவனுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியாது என்றேன். "அப்படியென்றால் என்னிடம் எதற்குச் சொல்கிறாய்?" என்றாள். சொல்லிவிட்டு மறுபடி காகிதத்தை எண்ண ஆரம்பித்துவிட்டாள். திரும்பி வருகிற வழியெல்லாம் எனக்கு முகம் எரிந்தது. ஆனாலும் கிளம்புவதற்கு முன்னால் அவளிடம் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டுதான் வந்தேன். அதைச் சொல்லி முடிக்கிறேன்.

வருகிற சனிக்கிழமை இந்த ஊரில் உன் கடைசி வகுப்பு. அதில் அந்தத் தோட்டாவின் கதையை நீ சொல்ல வேண்டாம். நான் சொல்கிறேன். டெப்ரா எனக்குப் பத்து நிமிஷம் ஒதுக்கியிருக்கிறாள். அந்த எட்டுப் பேரில் நாளைக்கு யாராவது ஒருவர் தன் வீட்டு ஆளிடம் 'பார்த்தாயா' என்று கேட்கப் போகிறார். பதில் சொல்லப் போகிற ஆளைப் பற்றி அவர்களுக்கு யாரும் இன்னும் சொல்லித்தரவில்லை. என் ஆங்கிலம் எப்படி வருமோ வரட்டும், நடுவில் எழுந்து திருத்தாதே. எனக்காக அதை மென்மையாக்கவும் வேண்டாம். அங்கே கேட்கிறவர்களோடு சேர்ந்து நீயும் முதன்முறையாகக் கேட்கக்கூடாது, உனக்குத்தான் முதலில் தெரிய வேண்டும் என்பதற்காகவே இதை இன்றைக்கு எழுதினேன்.

கோபம் வந்தால் வரட்டும் கண்ணு, எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் புடவை கட்டிக்கொண்டு வாசலில் நிற்பேன். காரை நீ எடுத்தாலும் சரி, நான் ஊபர் கூப்பிட்டாலும் சரி.

அம்மா